பழைய வண்டியை வீட்டிலேயே மீட்டெடுத்துக் குடும்பத்தோடு பயணம் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வீடுகளில் பாதி வேலையோடு நின்றுபோன பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரலாறுதான். தொடக்க உற்சாகத்தில் கதவு, கண்ணாடி, இருக்கை, எஞ்சின் என எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். பிறகு வேலையும் பள்ளியும் குறுக்கிட, எந்தப் பாகம் எங்கே பொருந்தும் என்பதே மறந்துபோய், வண்டி தார்ப்பாய்க்குள் முடங்கிவிடுகிறது. குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஒரு வண்டியை மீட்டெடுக்க நினைப்பவர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போகலாம். போக வேண்டிய பயணத்தை முதலில் முடிவு செய்து, அந்தப் பயணம் கேட்கும் வேலையை மட்டும் முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்த பயணம் கேட்பதை அதன்பின் செய்ய வேண்டும். வண்டி முதலில் பிரேக் பிடித்து ஒழுங்காக நிற்க வேண்டும், அடுத்து ஓட வேண்டும், கடைசியில்தான் பளபளக்க வேண்டும். இந்த வரிசை மாறாதவரை, வேலை முழுதாக முடியாத வண்டியிலும் குடும்பம் பாதுகாப்பாக வெளியே போய் வர முடியும்.

பயணத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் போவீர்கள், எவ்வகைச் சாலையில் போவீர்கள், இரவு தங்குவீர்களா என்பவையே அவை. இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் பாகம் வாங்குவதும் வீண் செலவில் முடியும்.

இருக்கைகளின் எண்ணிக்கையைவிட இருக்கைப் பட்டைகளின் எண்ணிக்கையே முக்கியம். இன்று எல்லா கார்களிலும் காணும் மூன்று முனைப் பட்டையை வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959இல்தான். அதற்குப் பின்னும் நெடுங்காலம் வந்த பல வண்டிகளில் பின் இருக்கைக்குப் பட்டையே கிடையாது. குழந்தை இருக்கையை நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் பழைய வண்டிகளில் இருக்காது. பட்டை இல்லாத இருக்கையில் குழந்தையை ஏற்றக் கூடாது. புதிதாகப் பட்டை பொருத்துவதென்றால், தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்குவது போதாது. உட்புறம் தடித்த எஃகுத் தகடு வைத்து வலுப்படுத்திய இணைப்பிடம் வேண்டும். இந்த ஒரு வேலையைத் தகுதியுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வதே சரி. வண்டியின் பதிவு, காப்பீடு, தகுதிச் சான்று தொடர்பான விதிகளையும் பாகம் வாங்கத் தொடங்கும் முன்பே உரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

துருவைப் படிக்கும் விதம்

எஞ்சின் பழுதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, துருவைக் கண்டுதான் பயப்பட வேண்டும். எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றிவிடலாம். அரித்துப்போன அடிச்சட்டத்தை அப்படி மாற்றிவிட முடியாது.

பெயின்டின் மேல் மிளகு அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அதை வெளியிலிருந்து வந்த துரு என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது உள்ளிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் துரு. தட்டையான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அங்கே வைத்து அழுத்தினால் நல்ல தகடு வெறும் கீறலோடு எதிர்த்து நிற்கும். கெட்ட தகடு மெல்லிய நொறுங்கல் ஓசையோடு உள்வாங்கி, பழுப்பு நிறச் செதில்களை உதிர்க்கும். கதவின் கீழ் விளிம்பு, மட்கார்டின் உள்வளைவு, பேட்டரி தாங்கும் தட்டு, தரைவிரிப்புக்கு அடியிலுள்ள தளம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகிய இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும். சிறிய சுத்தியால் தட்டும்போது கணீரென்று கேட்டால் தகடு உயிரோடு இருக்கிறது. மந்தமாக, அடைத்த ஓசையாகக் கேட்டால் அடியில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் அல்லது தகடே மிஞ்சவில்லை. ஒரு காந்தம் இதை உறுதிசெய்யும், தடித்த பட்டியின் மேல் அது ஒட்டாது.

மட்கார்டும் கதவும் அரித்திருந்தால் வேலை கூடும், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் இணையும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடம், இருக்கைப் பட்டையின் போல்ட் இறங்கும் இடம், கதவுக்குக் கீழே நீளும் பெட்டிச் சட்டம் ஆகியவற்றில் ஓட்டை விழுந்திருந்தால், அனுபவமுள்ள வெல்டர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த வண்டிக்கு வேறு எந்தச் செலவும் செய்ய வேண்டாம்.

வேலை செய்யும் இடமும் குழந்தைகளும்

குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யும் மீட்டெடுப்பு, குடும்பத்துக்கு ஒரு இடைஞ்சலாகவே மிஞ்சும். அதற்காக அவர்களை எல்லா வேலையிலும் சேர்க்கவும் முடியாது. எதில் சேர்ப்பது, எதில் சேர்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. சமமான, உறுதியான தரையில், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி, எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே யாரும் அடியில் போகலாம். செங்கலோ கான்கிரீட் கட்டையோ திடீரென நொறுங்கும் என்பதால் அவற்றை ஸ்டாண்டாகப் பயன்படுத்தவே கூடாது. குழந்தைகள் எந்நிலையிலும் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது.

பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் தட்டுகளிலும் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். ஆகவே பிரேக் ஷூவை மூடியிருக்கும் டிரம்முக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல், நீரோ பிரேக் கிளீனரோ கொண்டு நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்க்கும் நாளில் மட்டுமல்ல, தரையைக் கழுவி முடிக்கும்வரையிலும் சிறுவர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தால் குழந்தையோ வளர்ப்பு நாயோ நக்கிவிடும் ஆபத்து உண்டு.

குழந்தைகளுக்கென்று உருப்படியான வேலைகள் ஏராளம். ஒரு பாகத்தைக் கழற்றுமுன் மூன்று கோணங்களில் படம் எடுப்பது, கழற்றிய போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு எந்த இடத்தது, எத்தனை என்று எழுதி ஒட்டுவது, பாகங்களைத் துலக்குவது, குறிப்பேட்டை எழுதுவது ஆகியவற்றைப் பெரியவர்களைவிட அவர்களே கருத்தாகச் செய்வார்கள். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால், ஓரிரு மாத இடைவெளிக்குப் பிறகு எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

முதல் பெரிய வேலை: பிரேக்

எஞ்சின் ஓசையைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். அதை அடக்கிக்கொண்டு பிரேக்கில் தொடங்குங்கள். எஞ்சின் உயிர்பெற்ற அன்றே யாராவது வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பார்கள் என்பது உறுதி.

டிரம்மைக் கழற்றியதும், ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் மூடியின் விளிம்பைச் சிறு கருவியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. ஈரம் கசிந்து மூடியின் அடியில் துளியாகத் தேங்கியிருந்தால் உள் சீல் போய்விட்டது என்று பொருள். அந்த எண்ணெய் ஷூவில் பட்டிருந்தால் ஷூவையும் மாற்ற வேண்டும். டிரம்மோ டிஸ்க்கோ, அச்சின் ஒரு பக்கம் மட்டும் ஷூவையோ பேடையோ மாற்றினால் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இருபுறமும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். சக்கரத்துக்கு வரும் ரப்பர் ஹோஸை வளைத்து, வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கவும் கூடும். மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாகவே சுற்றினால் அந்த ஹோஸையும் சந்தேகிக்க வேண்டும். எஃகுக் குழாய்கள் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும்.

பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் சார்ந்தவை. டாட் 5 சிலிக்கோன் சார்ந்தது, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. கிளைக்கால் வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. எனவே பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியது நிரப்புங்கள். பெயின்டை இது கரைத்துவிடும் என்பதால் சிந்தினால் உடனே நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலைக்கு இருவர் வேண்டும். வளர்ந்த பிள்ளை ஒருவர் மிதியில் இருக்கட்டும். சக்கரத்தருகே இருப்பவர் "மிதி" என்றதும் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் பிரேக்கில் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து, ஆயிலும் குமிழியும் தெளிந்த குழாய் வழியே பாட்டிலுக்குள் வந்ததும் மூடிவிட்டு "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுமுன் மிதியை விட்டால் காற்று மீண்டும் உள்ளே ஏறிவிடும். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான முறை. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். இடையிடையே மேல்தொட்டியில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கல்லாக நின்றால் சரி. மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கிறது. மிகப் பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஓரிடத்தில் உடைந்தால் முழு பிரேக்கும் போய்விடும். அத்தகைய வண்டியில் ஹேண்ட் பிரேக் துல்லியமாக வேலை செய்தே ஆக வேண்டும்.

உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

நெடுநாள் நின்ற எஞ்சினில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவது மிகப் பெரிய தவறு. சிலிண்டர் சுவரில் படிந்த துரு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கையும் சுவரையும் கீறிவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறு கரண்டியளவு எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். இடித்து நின்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் ஊற விடுங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், ஓடிய தூரம் குறைவென்றாலும் வயதை முன்னிட்டுப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி உள்ளே எல்லாம் சிதைந்துவிடும்.

அடுத்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃப் மோட்டாரால் சில வினாடிகள் வீதம் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்தால் ஆயில் அழுத்தம் வந்துவிட்டது. இந்த நிலையில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

பழைய பெட்ரோலை நம்ப வேண்டாம். சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும் பெட்ரோல், ஆண்டுக்கணக்கில் நின்றால் பிசினாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளைகளான ஜெட்டுகளை அடைத்துவிடும். டேங்கை வடித்து, உள்ளே விளக்கு இல்லாமல் பார்க்க முடியாது என்பதால் தீப்பொறி வராத பாதுகாப்பான டார்ச்சைக் கொண்டு துரு இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும் என்பதால் எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் அதற்கேற்ற புதிய குழாய்களாக மாற்றிவிடுங்கள். இது சிறிய செலவு. எஞ்சின் தீப்பிடிப்பதோடு ஒப்பிட்டால் செலவே அல்ல.

ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் சுத்தப்படுத்தி, கூலன்டும் தூய நீரும் சம அளவில் கலந்து நிரப்பிய பிறகு, திறந்த வெளியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எஞ்சினைக் கிளப்புங்கள். மூடிய இடத்தில் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் வரும் புகையைக் கண்டு கலங்க வேண்டாம், சிலிண்டரில் விட்ட ஆயில்தான் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் நீலப் புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது, வெண்புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது, கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது.

மின்சாரமும் டயரும்

பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளுங்கள். முழுதாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடும் பழக்கம் வேண்டாம், ஒயர் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

டயரின் பள்ளம் ஆழமாக இருப்பதை வைத்து ஏமாறக் கூடாது. பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000த்துக்கு முந்தைய டயர், உடனே தூக்கி எறியலாம். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், அதை யாரும் பார்ப்பதில்லை.

தகட்டு வேலை

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளக்கும் உலோகம் வரை போய், அன்றே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். எட்டாத குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு மாற்றி உதவும். ஓட்டை விழுந்த இடத்துக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே தீர்வு. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால் அதை ஓட்டையில் அடைத்தால் சில மழைக்காலங்களில் துரு இரட்டிப்பாகத் திரும்பும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் அகற்றுங்கள். வெறும் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது; அதனுள் இருப்பது வெடிக்கத் தயாரான ஆவி. கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுப் பூச்சு பீய்ச்சுங்கள்.

முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பதை இப்போது தொட வேண்டாம். கடினப்படுத்தி கலக்கும் இரண்டு பகுதி பெயின்ட்டுகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுப்பது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அந்த வேலை பெயின்ட் பட்டறைக்கு உரியது. பிரைமர் அடித்த மட்கார்டோடு சுற்றுலா போவதில் ஒரு குறைச்சலும் இல்லை என்பது என் கருத்து.

சோதனைப் பயணங்கள்

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வரலாற்றின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணமே ஒரு குடும்பப் பயணம்தான். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கங்களில் மரக் கட்டை பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் அதன்மேல் தோல் பொருத்தச் செய்தார். மேடுகளில் மகன்கள் தள்ளினார்கள். பட்டறையில் இருந்தவரை யாருக்கும் தெரியாத குறைகளைச் சாலைதான் காட்டியது. உங்கள் வண்டிக்கும் அது பொருந்தும்.

முதலில் வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர், ஓட்டுநர் மட்டும். அடுத்து அரை நாள் வெளியிடச் சாப்பாடு. பின்பு ஓர் இரவு தங்கல், அதுவும் உதவி எளிதில் வந்துசேரக்கூடிய தூரத்தில். நெடும்பயணம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் நிறுத்தியவுடன் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதி அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் போகிறது. நிறுத்திய இடத்தில் அட்டையை விரித்து வைத்தால் மறுநாள் கசிவு எங்கே, என்ன நிறம் என்று தெரியும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி சோதியுங்கள். கண்டதெல்லாம் குறிப்பேட்டில் ஏறட்டும், அடுத்த வார வேலைப்பட்டியல் அதிலேயே இருக்கும்.

சுமையும் தங்கலும்

கனமான பொருள்கள் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு இடையிலும் இருக்க வேண்டும். கூரைமேல் ஏற்றும் எடைக்கு வண்டிக்கு வண்டி வரம்பு உண்டு, அதில் கேரியரின் எடையும் சேர்ந்தது. முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் வேறு. கையேட்டிலோ கதவுத் தூணிலோ பாருங்கள். நீண்ட இறக்கத்தில் இறங்கத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாறி எஞ்சினால் வேகத்தைப் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். வெப்பமானி ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது தற்காலிகமாக உதவும்; சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது முகத்தை வேகவைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி அளவு ஏறிவிடும் என்பதால் உறங்கும் குழந்தையையும் இறக்கிக்கொண்டே போங்கள்.

ஃபேன் பெல்ட், ஃபியூஸ், பல்பு, ஹோஸ் கிளிப், தண்ணீர், காற்றடிக்கும் பம்ப், மெல்லிய கம்பி, மென்மையான தரையில் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை ஆகியவை எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். வீட்டிலேயே ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சக்கரம் மாற்றிப் பழகுங்கள்.

தங்குமிடத்தில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்த வேண்டாம். சூடான சைலன்சர் அதைப் பற்றவைக்கும். வறண்ட ஓடைப் படுகையிலும் பட்ட மரக்கிளைக்கு அடியிலும் கூடாரம் கூடாது. கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ அடுப்போ கரியோ எரிக்கக் கூடாது, குளிருக்காகக்கூட. ஓடை நீரை நுரை பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடமும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமும் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். ஆயில் கசியும் வண்டியை ஓடையில் இறக்கிக் கழுவுவது பின்னால் வருபவர்கள் குடிக்கும் நீரைக் கெடுப்பது.

கடற்கரையிலோ உப்புத் தூவிய சாலையிலோ ஓடிய வண்டியின் அடிப்பகுதியை வீடு திரும்பிய அன்றே நன்னீரால் கழுவிவிடுங்கள். கூடாரத்தை உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பயணத்துக்கு முன் முடிக்க வேண்டியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் அதே பக்கத்தில் குறித்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.